மன்னிப்புக்கு 82 வருஷம்

போலீஸ் ஏட்டில் ஒரு தரம் பேர் ஏறிவிட்டால் அவ்வளவு சுலபத்தில் இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கு பொய் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். சாட்சியே பல்டி அடித்திருக்கும். ஆனாலும் காகிதம் காகிதம்தான். அது நகர எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 82 வருஷம் ஆயிற்று.

1931, மார்ச் 25. பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். வேலை தேடி கூட்ஸ் ரயிலில் திருட்டு சவாரி போவது அன்றைக்கு சகஜம். அப்படிப் போன ஒரு ரயிலில் கறுப்புப் பையன்களுக்கும் வெள்ளைப் பையன்களுக்கும் கைகலப்பு. இறக்கிவிடப்பட்ட வெள்ளைப் பையன்கள் போய்ப் புகார் சொல்ல, பெயிண்ட் ராக் என்கிற ஊரில் ரயிலை நிறுத்தினார்கள். ஒன்பது கறுப்புப் பையன்கள் சிக்கினார்கள். எல்லோருமே இருபது வயசைத் தாண்டாதவர்கள். அதே ரயிலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இருந்தார்கள். விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ். எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர்கள் சொன்னதுதான் தாமதம், அடிதடி கேஸ் கற்பழிப்பு கேஸாகிவிட்டது.

பக்கத்திலிருந்த ஸ்காட்ஸ்பரோவில் விசாரணை. என்ன வேகம் தெரியுமா! கைதாகி பதினைந்து நாள் முடிவதற்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. எல்லோரிலும் சின்னவன் ராய் ரைட்டுக்கு மட்டும் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை.

அந்த வேகத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எல்லாமே ஆமைதான்.

1932-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஒழுங்கான வக்கீல் வைக்காமல் நடந்த விசாரணை செல்லாது என்றது. மறுபடி வழக்கு. 1933-ல் ரூபி பேட்ஸ் கோர்ட்டுக்கே வந்து, நடந்ததெல்லாம் பொய், யாரும் எங்களைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டுமா, இல்லையா? முடியவில்லை. ஜூரிகள் ஹேவுட் பேட்டர்சனுக்கு மறுபடி மரண தண்டனை கொடுத்தார்கள். ஹார்ட்டன் என்கிற நீதிபதி, மனசாட்சி உள்ள மனுஷர், அந்தத் தீர்ப்பைத் தூக்கிக் கடாசினார். அடுத்த தேர்தலில் ஜனங்கள் அவரைத் தூக்கிக் கடாசினார்கள்.

1935-ல் மறுபடி உச்ச நீதிமன்றம். இந்த முறை ஜூரி பட்டியலில் தில்லுமுல்லு. கறுப்பர்களையும் சேர்த்திருக்கிறோமே என்று காட்ட, பழைய ரிஜிஸ்தரில் பிற்பாடு பெயர்களைச் செருகியிருந்தார்கள். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். தீர்ப்பு ரத்து. அதற்காக அலபாமா விட்டுவிடுமா? மறுபடி வழக்குப் போட்டது. கடைசியில் 1937-ல் நாலு பேர் மீதான குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியது. ஓஸி பவல் மீதிருந்த கற்பழிப்பு வழக்கும் போனது. ஆனால் ஒரு போலீஸ்காரரைக் கத்தியால் கிழித்ததற்காக அவர் உள்ளேயே இருந்தார். மிச்சம் நாலு பேரை விடவில்லை. சாட்சி அதே சாட்சி, ரயிலும் அதே ரயில். பாதிப் பேர் நிரபராதி, பாதிப் பேர் குற்றவாளி! இது என்ன கணக்கு என்று கேட்காதீர்கள். அரசாங்கத்துக்கு மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

அந்த நாலில் ஒருவர் கிளாரன்ஸ் நாரிஸ். மரண தண்டனை ஆயுளாகி, பரோலில் வந்தவர், 1946-ல் நிபந்தனையை மீறி மாநிலத்தை விட்டே ஓடிவிட்டார். சகோதரனின் பேரை வைத்துக்கொண்டு நியூயார்க்கில் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று வாழ்ந்தார். அலபாமாவின் காகிதத்தில் மட்டும் தேடப்படும் குற்றவாளி.

அறுபது வயசுக்குப் பிறகு, சாகிறதுக்குள் என் பேரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். பரோல் போர்டு என்ன சொன்னது தெரியுமா? முதலில் வந்து சரணடை, அப்புறம் பார்க்கலாம் என்றது! மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் பில் பாக்ஸ்லியே, இந்த ஆள் நிரபராதி என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது. 1976 அக்டோபரில் மன்னிப்பு. கையெழுத்துப் போட்ட கவர்னர் யார்? கறுப்பு மாணவர்களை விடமாட்டேன் என்று 1963-ல் பல்கலைக்கழக வாசலில் மறித்து நின்றாரே, அதே ஜார்ஜ் வாலஸ்!

நஷ்ட ஈடாகப் பத்தாயிரம் டாலர் கொடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை. 1989-ல் நாரிஸ் காலமானார். ஒன்பது பேரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

மற்ற மூவர்? பேட்டர்சன், சார்லி வீம்ஸ், ஆண்டி ரைட். இவர்கள் பேர் குற்றவாளிப் பட்டியலில் அப்படியே கிடந்தது. செத்தவர்களுக்கு மன்னிப்புக் கொடுக்க அலபாமா சட்டத்தில் வழியே இல்லை. மனு போடக் குற்றவாளி உயிரோடு இருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது யாரும் கொடுக்கவில்லை. ஸ்காட்ஸ்பரோவில் 2010-ல் ஒரு பழைய தேவாலயத்தில் இதற்கென்றே மியூசியம் திறந்த ஷீலா வாஷிங்டன் என்கிற பெண்மணி விடாமல் நச்சரித்ததில், 2013-ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அந்த வருஷம் நவம்பர் 21-ம் தேதி போர்டு கூடி மூவருக்கும் மன்னிப்பு வழங்கியது.

செய்யாத தப்புக்கு மன்னிப்பா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அலபாமாவில் அந்தக் காகிதத்துக்கு வேறு பெயர் இல்லை.

அதை வாங்கிக்கொள்ள மூவரில் ஒருத்தரும் இல்லை. பேட்டர்சன் 1948-ல் அலபாமா சிறையிலிருந்து தப்பி மிச்சிகனுக்குப் போனவர். அவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று மிச்சிகன் கவர்னரே சொல்லிவிட்டார். பிறகு அங்கே வேறொரு வழக்கில் உள்ளே போய், 1952-ல் சிறையிலேயே புற்றுநோயில் இறந்துபோனார். மன்னிப்பு வந்தபோது அவர் செத்து 61 வருஷம் ஆகியிருந்தது.