ஏழாயிரம்பண்ணைக்கு ஏன் ஒரு சட்ட நிறுவனம் வாய்க்கவில்லை: வெடித்தொழில் வட்டாரத்தில் வழக்கறிஞர் தொழிலின் அமைப்பு

சிகாகோவில் 1909 அளவில் இரண்டு இளம் வழக்கறிஞர்கள் தொடங்கிய அலுவலகம், இன்று கிர்க்லாண்ட் அண்டு எல்லிஸ் என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றாக நிற்கிறது. 2023-இல் அதன் ஆண்டு வருவாய் 700 கோடி டாலரைத் தாண்டியது. தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் மெக்கார்மிக்கின் குடும்பத்துக்கு அப்போது சொந்தமாக இருந்தது சிகாகோ டிரிப்யூன் நாளிதழ். அதன் வழக்குகள் அந்த அலுவலகத்துக்குத் தொடக்க காலத்தில் முக்கியப் பிழைப்பு.

விருதுநகர் மாவட்டத்தில் சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணையை இதன் பக்கத்தில் வைப்பது பொருந்தாத ஒப்பீடாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தின் நெருக்கம் என்ற அளவுகோலை எடுத்தால் இந்த ஊர் எந்தப் பெருநகருக்கும் குறைந்ததல்ல. இங்குள்ள பட்டாசு ஆலையில் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடையே எவ்வளவு தூரம், ஒரு ரூமில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதெல்லாம் சட்டத்தில் எழுதியிருக்கிறது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம், அவற்றோடு மாசுக் கட்டுப்பாடு, தொழிலாளர் ஈட்டுறுதி எனப் பல சட்டங்கள் ஒவ்வோர் ஆலையையும் சூழ்ந்திருக்கின்றன. உரிமத்தையே ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்’ என்று கொடுக்கும் அதிகாரியை வைத்தே இங்கு பிரித்துச் சொல்கிறார்கள். இவ்வளவு சட்டம் புழங்கும் வட்டாரத்தில் வழக்கறிஞர்கள் பலர் இருந்தும் பெரிய சட்ட நிறுவனம் ஏன் முளைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 20 பேருக்கு மேல் கூட்டாளிகள் சேர்வதைத் தடுத்தது. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் கதவு அடைத்தே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், அவ்வப்போது வந்து ஆலோசனை சொல்லிப் போவதற்கு மேல் அவர்களுக்கு இடம் தரவில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தத் தடைகள் மும்பைக்கும் இருந்தன. அங்கே 1830-இலேயே கிராஃபோர்டு பேலியும், 1917-இல் அமர்சந்த் மங்கள்தாஸும் என்ற சட்ட நிறுவனங்கள் தோன்றின. 1991-க்குப் பிறகு இதே விதிகளுக்குக் கீழேதான் மும்பை, டெல்லி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களோடு பெருத்தன. ஆகவே தடைச் சட்டம் மட்டுமே காரணம் என்ற வாதம் பாதி வழிதான் வரும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன? 1899-இல் பால் கிரவாத் சேர்ந்த நியூயார்க் அலுவலகம் அப்போதே பழையது. அவர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். சட்டக் கல்லூரியில் முன்னணியில் தேறியவர்களை நேரே எடுப்பது, முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுப்பது, சில ஆண்டுகள் பழக்கிப் பார்த்துத் தகுதியானவரைக் கூட்டாளியாக்கி மற்றவரை வெளியே அனுப்புவது. வந்த வேலை இன்ன வழக்கறிஞருடையது என்றில்லாமல் அலுவலகத்தின் வேலையாயிற்று. இதற்கு ஈடுகொடுக்கக்கூடிய கட்சிக்காரர்களும் இருந்தார்கள்: ரயில் கம்பெனிகள், வெஸ்டிங்ஹவுஸ் போன்ற தொழில் நிறுவனங்கள், கடன்பத்திரம் வெளியிடும் வங்கிகள். இவர்களுக்கு வழக்கு இல்லாத நாளிலும் வக்கீல் வேண்டியிருந்தது. நிறுவனத்தை வளர்த்தது அந்த அன்றாடத் தேவை. நீதிமன்றப் புகழுக்கு அதில் பங்கு குறைவு என்பேன்.

சென்னையின் பாதை வேறு. கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் போன்ற அட்டர்னி அலுவலகங்கள் இங்கும் இருந்தன. ஆனால் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நெடுங்காலம் நீடித்த, வழக்கைத் தயாரிக்கும் அட்டர்னி, வாதாடும் பாரிஸ்டர் என்ற பிரிவினை சென்னையில் அவ்வளவு இறுகவில்லை. உயர் நீதிமன்றம் ஏற்பட்ட சில ஆண்டுகளிலேயே வக்கீல்கள் ஒரிஜினல் சைடிலும் (உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கும் வழக்குகளிலும்) வாதாட உரிமை பெற்றார்கள். அதன் பலன், தனி மேதைகளின் காலம்: வி. பாஷ்யம் ஐயங்கார், பி.எஸ். சிவசாமி ஐயர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அவர்களுடைய அறைகளில் ஜூனியர்கள் கற்றார்கள், பிறகு தனித்தனியே பிரிந்து போனார்கள். சீனியர் மறைந்தால் அந்த அறையும் முடிந்தது. ஜூனியருக்குச் சம்பளம் தருவது இங்கே அண்மைக் காலம் வரை கருணையாகவே கருதப்பட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில்தான் சொன்னது. கிரவாத் இதைத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

விருதுநகர் வட்டாரத்தில் இந்தத் தனி வக்கீல் மரபோடு இன்னொன்றும் சேர்ந்தது. என் வாதத்தின் மையம் அதுதான்: இங்கே கட்சிக்காரர்கள் முதலில் அமைப்பானார்கள். நாடார் வியாபாரச் சமூகத்தின் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் நுழைவு வழக்கை எடுத்துக்கொள்வோம். 1897-இல் எழுந்த தகராறு மதுரை நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் முடிந்தது. நாடார்கள் ஒவ்வோர் அடுக்கிலும் தோற்றார்கள். ஆயினும், எந்தத் தனி வியாபாரியாலும் தாங்க முடியாத வழக்கு அது. உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பும் மகமை என்ற பொது வசூலும் கொண்ட ஏற்பாடு, பொதுக் காரியத்துக்கு ஊர் ஊராகப் பணம் சேர்க்கும் பழக்கத்தை ஏற்கெனவே தந்திருந்தது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. தோல்வியிலும் நிலைத்தது கட்சிக்காரரின் அமைப்பு. வழக்காடிய வக்கீல்களிடமிருந்து எந்த நிறுவனமும் மிஞ்சவில்லை.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு வளர்ந்த சிவகாசித் தொழிலுலகம் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஓர் அமெரிக்கச் சட்ட நிறுவனம் ஒரே கூரையின் கீழ் செய்யும் வேலை இங்கே மூன்றாகப் பிரிந்தது. கணக்கும் வரியும் ஆடிட்டரிடம். உரிமம், வரைபடம், புதுப்பித்தல் எல்லாம் உரிமம் தரும் அலுவலகங்களின் நடைமுறை தெரிந்த ஆலோசகரிடம். விலை, தடை, கொள்கை போன்ற பெரிய விஷயங்கள் உற்பத்தியாளர் சங்கத்திடம். வக்கீலுக்கு மிஞ்சியது வழக்கு மட்டுமே. அதுவும் சாத்தூரில் ஒருவர், மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர், 2004-இல் மதுரைக் கிளை வந்தபின் அங்கே இன்னொருவர் என்று சிதறியது. நாள்தோறும் வரும் ஆலோசனை வேலை கைவிட்டுப் போன இடத்தில், வாய்தாவுக்கு வாய்தா வாங்கும் கட்டணத்தைக் கொண்டு எந்த அலுவலகமும் பெருக்காது.

இந்த ஏற்பாடு திறமற்றது என்று சொல்ல மாட்டேன். 2015-இல் மூன்று குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்ட அர்ஜுன் கோபால் வழக்கு தொழிலின் அடித்தளத்தையே அசைத்தது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடம் விட்டது. ஆனாலும் நாடு முழுவதும் முற்றாகத் தடை செய்யவேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கில் தொழிலின் தரப்பில் நின்றவை உற்பத்தியாளர் சங்கங்கள். அவை டெல்லியில் தேவைக்கேற்ற மூத்த வழக்கறிஞர்களை அமர்த்தின, தேவை முடிந்ததும் கட்டணத்தோடு உறவு முடிந்தது. பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் ஒரே சட்ட முகம் கிடைத்தது. சொந்தமாக நிறுவனம் வைத்திருந்தால் இதைவிட மலிவாக முடிந்திருக்குமா என்பது சந்தேகமே.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அமைப்பானவர் உரிமையாளர், மருந்து அடைப்பவர் அல்ல. அமெரிக்காவில் பெருநிறுவனங்களுக்கு எதிரே, வென்றால் பங்கு என்ற அடிப்படையில் காயம்பட்டவருக்காக வழக்காடும் இன்னொரு வகை அலுவலகங்களும் வளர்ந்தன. அந்த வகைக் கட்டணம் இங்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அந்த விதிக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது குத்தகைக்காரர், அவருக்குக் கீழே உள்குத்தகைக்காரர் என்று பொறுப்பு அடுக்கடுக்காக மறையும் இடத்தில், அந்த அடுக்குகளைக் கிளறி ஆவணம் தேட ஆளும் நேரமும் பணமும் வேண்டும். கூலிக்குப் போகும் குடும்பத்திடம் அவை இல்லை. தனி வக்கீலிடமும் பெரும்பாலும் இல்லை.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குத்தகையும் உள்குத்தகையும் அங்கேயும் வெளிவந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று இழப்பீட்டை நிர்ணயித்தது. அந்த வழக்கை எந்த வக்கீலும் கொண்டுவரவில்லை. ஊடகச் செய்தியைப் பார்த்துத் தீர்ப்பாயமே தானாக எடுத்துக்கொண்டது.