பழைய கணினி பழுதுபார்த்தல்

1970களின் பிற்பகுதி முதல் 1990கள் வரை வெளிவந்த தனியாள் கணினிகளை மீண்டும் இயங்கவைக்கும் பொழுதுபோக்கு. ஐபிஎம் பிசி, பிபிசி மைக்ரோ (இரண்டும் 1981) இதில் பெயர்பெற்றவை. இலங்கையோடு தொடர்புடையது கேப்ரோ 2. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், '2010' திரைப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் 1983இல் இவ்வகைக் கணினியிலிருந்தே, தொலைபேசி இணைப்பு வழியாகக் கடிதம் பரிமாறினார்.

பழுதுகளில் மோசமானது பற்றரிக் கசிவு. 286, 386 வகைக் கணினிகளின் மதர்போர்டுகளில் கடிகாரத்தை ஓடவைக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பற்றரி காலப்போக்கில் காரத்தைக் கசியவிட்டுச் செப்புத் தடங்களை அரித்துவிடும். பற்றரியைக் கழற்றி, கசிந்த இடத்தை வினாகிரியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பியை ஈயம் வைத்து ஒட்டலாம்.

அடுத்த எதிரி ஈரம். வடகீழ்ப் பருவமழையும் பனிமூட்டமும் சூழும் உடப்புசல்லாவை போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் இது சாதாரணத் தொல்லையல்ல. மின்வழங்கியிலுள்ள காகிதக் காப்பு கெப்பாசிட்டர்கள் உறையின் வெடிப்பு வழியே ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் பாய்ந்ததும் புகைந்துவிடும். எனவே, கிடைத்த கணினியை உடனே சுவிட்ச் போட்டுப் பார்க்கக் கூடாது.

படக்குழாய்த் திரையில், அணைத்த பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பழகாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம்.