தோல்வியைப் பொறுத்தவர்கள், அலட்சியத்தைப் பொறுக்காதவர்கள்: கேரளா பிளாஸ்டர்ஸின் இளம் ரசிகர்களும் கைக்கு எட்டாத கோப்பையும்

விளையாட்டு ரசிகர்களைப் பற்றிய சமூக உளவியலில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஆய்வு ஒன்று 1976-இல் வெளிவந்தது. ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தார்கள். வார இறுதியில் தங்கள் அணி ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையோடு வருபவர்கள் கூடினார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றவர்கள், தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்று நழுவினார்கள். ரசிகன் வெற்றியின் வெளிச்சத்தில் நிற்க விரும்புகிறவன், இருட்டு வந்தால் விலகிவிடுகிறவன் என்பது அதன் சாரம்.

இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேரளத்துக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு பிறந்த கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை ஃபைனலுக்குப் போய் மூன்று முறையும் தோற்றது. 2025 வரை பெரிய கோப்பை ஒன்றுகூட அதன் அலமாரியில் இல்லை. ஆனாலும் நாட்டிலேயே பெரிய ரசிகர் கூட்டங்களில் ஒன்று அதற்குத்தான். இதை மலையாளிகளின் கால்பந்துப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பத்திரிகைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. என் வாதம் வேறு. இந்த இளைஞர்களின் எதிர்பார்ப்பு நிபந்தனையற்ற பக்தி அல்ல. அவர்கள் தோல்வியை மன்னிக்கிறார்கள். நிர்வாகத்தின் அலட்சியத்தை மன்னிப்பதில்லை. எப்போது காலரி நிறைந்தது, எப்போது காலியானது என்று வரிசையாகப் பார்த்தால் இது தெரியும்.

அதற்கு முன் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளக் கால்பந்து என்றதும் மலப்புரமும் கோழிக்கோடும்தான் பேச்சில் வரும். நான் பார்க்க விரும்புவது தெற்கு மூலையை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன் வருகிறது கல்லாறு. உருண்டைக் கற்கள் பரந்து கிடக்கும் ஆறு, மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுவழி, சுற்றிலும் காணிக்காரர் குடியிருப்புகள், மலைச்சரிவில் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. பிளாஸ்டர்ஸ் விளையாடிவந்த கொச்சி கலூர் மைதானம் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து, எறணாகுளத்தில் ரயில் பிடித்து, தலைநகரில் இறங்கி, விதுராவுக்கு முதல் பஸ் ஏறினால் வீடு சேர விடிந்துவிடும். ஆகவே இந்த மலையடிவாரத்துப் பையனுக்குக் கிளப் என்பது பெரும்பாலும் டிவியிலும் போனிலும் இருப்பது. அண்டை வீட்டுக்காரன் என்ற உறவில் வந்த பிடிப்பு அல்ல இது.

தலைநகருக்குச் சொந்தமாகக் கால்பந்து இல்லாமலும் இல்லை. டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம், போலீஸ் என்று வலுவான அணிகள் இருந்தன. வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன், சி.வி.பாப்பச்சன், ஷரஃபலி ஆடிய கேரள போலீஸ் அணி 1990-இலும் 1991-இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. பொழியூர், வெட்டுகாடு போன்ற கடற்கரை ஊர்கள் இன்றும் ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருக்கின்றன. வெட்டுகாட்டு ஜோபி ஜஸ்டின் மின்வாரிய அணியிலிருந்து ஈஸ்ட் பெங்கால் வரை போனவர். ஆனால் அவையெல்லாம் துறை அணிகள். ஆடுபவனுக்குச் சம்பளமும் பென்ஷனும் உண்டு. பார்ப்பவனுக்கு அதில் எந்த இடமும் கிடையாது. போலீஸ் அணி ஜெயித்தால் மாநிலமே மகிழ்ந்தது, சரி. ஆனால் போலீஸ் அணியின் ரசிகன் என்று தன்னை அழைத்துக்கொண்டு கொடி பிடிக்க எத்தனை பேருக்குத் தோன்றும்? ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியில் கரைந்துபோனது. தொழில்முறைக் கிளப் என்று 1997-இல் வந்த எஃப்.சி.கொச்சின் அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்று, சில ஆண்டுகளில் கடனில் மூழ்கியது. பின்னர் வந்த விவா கேரளாவும் நிலைக்கவில்லை. 2000-க்குப் பிறகு பிறந்த ஒருவனுக்கு, தன் கிளப் என்று சொல்ல பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைதான் மிஞ்சியது.

அந்த மஞ்சளின் மூன்று தோல்விகளில் முதலாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2014 அரையிறுதியில் எதிரி சென்னையின் எஃப்.சி. கொச்சியில் 3-0 என்று கேரளா ஜெயித்தது. சென்னையில் 90 நிமிடத்தில் 3-0 என்று சென்னை திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தின் 117-ஆம் நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் கேரளாவை ஃபைனலில் கொண்டு சேர்த்தது. டிசம்பர் 20, நவி மும்பை, எதிரி கொல்கத்தா அணி. கோல் இல்லாமல் ஆட்டம் முடிகிற வேளை, 95-ஆம் நிமிடம், கொல்கத்தாவுக்கு ஒரு கார்னர். மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த முகமது ரஃபீக் தலையால் முட்டினார். திருப்பி அடிக்க நேரமே மிச்சமில்லை.

2016 டிசம்பர் 18-இல் அதே கொல்கத்தா அணி, இம்முறை கலூரிலேயே, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கண்ணெதிரே. 1-1, பிறகு பெனால்டி ஷூட் அவுட், 4-3 கொல்கத்தாவுக்கு. அந்த ஆட்டத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கேரளாவின் ஒரே கோலை அடித்த காசர்கோட்டுக்காரர் முகமது ரஃபி 2014-இல் கொல்கத்தா அணியில் இருந்தவர். ஷூட் அவுட்டில் கேரளாவுக்காக உதைத்து வலைக்குள் போட்டவர்களில் ஒருவர், இரண்டு வருஷம் முன்பு கேரளாவின் கனவைக் கலைத்த அதே ரஃபீக். 2014-இல் கேரள ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த இயான் ஹியூம் இப்போது கொல்கத்தா சட்டையில் வந்து தன் பெனால்டியைத் தவறவிட்டார். ஆட்டக்காரர்கள் முகாம் மாறினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள். அதே ஆண்டு உரிமையாளர்களாக சிரஞ்சீவியும் நாகார்ஜுனாவும் உள்ளே வந்தார்கள். 2018-இல் சச்சின் டெண்டுல்கர் வெளியே போனார். இத்தனை மாற்றங்களுக்கு நடுவே மாறாமல் இருந்த தரப்பு காலரி. கிளப்பின் நினைவு வேறு எங்கும் இல்லை, அங்கேதான் இருந்தது.

மூன்றாவது ஃபைனல் 2022 மார்ச் 20, கோவா ஃபட்டோர்டா மைதானம். கொரோனா காரணமாக இரண்டு பருவங்கள் ஆளில்லா மைதானங்களில் கோவாவிலேயே நடந்திருந்தன. ஃபைனலுக்குத்தான் கதவு திறந்தார்கள். புள்ளிப்பட்டியலில் மேலே இருந்த ஹைதராபாத்துக்கு மஞ்சள் உடை போனது. கேரளா கறுப்பில் இறங்கியது. களத்தில் மஞ்சள் எதிரியின் மேல், காலரியில் மஞ்சள் கேரளாவுக்காக. ராகுல் கே.பி. 68-ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். 88-ஆம் நிமிடத்தில் சாஹில் தவோரா சமன் செய்தார். ஷூட் அவுட்டில் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுக்க, 3-1 என்று முடிந்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் கிளம்பிய மலப்புரத்து இளைஞர்கள் இருவர் காசர்கோடு அருகே விபத்தில் இறந்தார்கள். ரசிகர்களின் ‘உணர்ச்சி’ என்று பொதுவாக எழுதிச் செல்பவர்கள் இந்த விலையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்தத் தோல்விகளுக்குப் பின் கூட்டம் குறைந்ததா? குறையவில்லை. 2015-இல் கடைசி இடத்துக்குப் போனபோதுகூட கலூர் நிறைந்தே இருந்தது. அதைப் புதுமை மோகம் என்று ஒதுக்கலாம். ஆனால் 2018-ஐ அப்படி ஒதுக்க முடியாது. வெற்றியே இல்லாமல் ஆட்டங்கள் நீண்டுகொண்டு போன அந்த டிசம்பரில், மஞ்சப்பட என்ற ரசிகர் அமைப்பு காலரியைப் புறக்கணித்தது. பல்லாயிரம் பேர் ஆர்ப்பரித்த இடத்தில் வெறும் நாற்காலிகள். மும்பையில் 6-1 என்று உதை வாங்கிய கையோடு பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸ் விலகினார். அடுத்தது 2024 டிசம்பர். அணி சரிந்துகொண்டிருக்க, நிர்வாகத்துக்கு எதிராக மஞ்சப்பட அறிக்கை விட்டது. டிக்கெட் விற்பனையில் பங்கெடுக்க மாட்டோம் என்றது. அணிக்காகக் கத்துவதை நிறுத்தவில்லை, கிளப்புக்காக வேலை செய்வதைத்தான் நிறுத்தியது. பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே வெளியேற்றப்பட்டார். சில வாரங்களில் ரசிகர் ஆலோசனைக் குழு அமைப்பதாகக் கிளப் அறிவித்தது.

கூர்ந்து பார்த்தால், 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஃபைனல் தோல்விகளும் ரசிகர்களை இறுக்கிக் கட்டின. விலகல் நடந்த 2018-இலும் 2024-இலும் ஃபைனலே இல்லை. சியால்டினி சொன்ன விலகல் இங்கேயும் உண்டு, ஆனால் அதன் தூண்டுகோல் வேறு. 2023 மார்ச் 3 இன்னொரு சான்று. பெங்களூருவில் சுனில் சேத்ரி விரைந்து உதைத்த ஃப்ரீ கிக் கோலை ஏற்க மறுத்து அணியை வெளியே அழைத்துப் போனார் கேரளாவின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது. விதிப்படி அவர் செய்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிவைத்தார்கள். காரணம் எளிது: தங்களைப் போலவே இந்த ஆட்டத்தைப் பொருட்படுத்தும் ஒருவரைக் கிளப்புக்குள் முதல்முறையாகக் கண்டார்கள். அந்தக் கிளப்பில் தொடர்ந்து மூன்று பருவங்கள் நீடித்த பயிற்சியாளரும் அவர் ஒருவரே.

எதிர்வாதம் ஒன்று உண்டு. கேரளத்துக்கு வெற்றி வேண்டுமென்றால் கோகுலம் கேரளா இருக்கிறதே? 2019-இல் டூரண்ட் கோப்பை, 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு ஐ-லீக் பட்டங்கள். இளைஞர்களுக்கு வேண்டியது கோப்பை என்றால் அவர்கள் ஏன் கோழிக்கோட்டுக்குப் போகவில்லை? டிவியும் விளம்பரமும் சூப்பர் லீக்கின் பக்கம் என்பது பாதி பதில். மீதிப் பாதி லீக்கின் அமைப்பில் இருக்கிறது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் வழி 2022-23 பருவத்திலிருந்துதான் திறந்தது. முதலில் ஏறியது பஞ்சாப். கோகுலம் இரண்டு முறை ஜெயித்தது கதவு திறப்பதற்கு முன்பு. மறுபக்கம், 2024-25 பருவம் வரை சூப்பர் லீக்கில் கடைசி இடத்துக்குப் போனாலும் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை. மேலே இருப்பவன் விழமாட்டான் என்ற அந்த ஏற்பாட்டில், மோசமாக நடத்தப்படும் கிளப்பைத் தண்டிக்க லீக்குக்கு வழியே இல்லாமல் இருந்தது. அந்த வேலை ரசிகனின் தலையில் விழுந்தது. ஐரோப்பாவில் கீழிறக்கம் செய்வதை இங்கே காலி நாற்காலிகள் செய்ய வேண்டியிருந்தது.

ரிச்சர்ட் ஜூலியனோட்டி 2002-இல் கால்பந்துப் பார்வையாளர்களை வகைப்படுத்தியபோது, ஊரோடும் மைதானத்தோடும் வேரூன்றிய ஆதரவாளரை ஒரு முனையிலும், கடைவீதியில் உலாவுபவரைப் போல் வேடிக்கை பார்ப்பவரை மறுமுனையிலும் வைத்தார். அந்தக் கணக்கில் கல்லாற்றுப் பையன் தூரத்து நுகர்வோன். கொச்சி அவன் ஊரும் அல்ல. கிளப் ஏலத்தில் பிறந்தது. ஆனால் பத்து வருஷத் தோல்வியைச் சேர்ந்து சுமந்ததில் அவனுக்கு ஒரு வேர் கிடைத்துவிட்டது. இந்தியாவில் இதற்கு மூத்த உதாரணம் ஈஸ்ட் பெங்கால். அதற்குப் பின்னால் பிரிவினை அகதிகளின் வரலாறு இருந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றபோது 12 ஆண்டு வறட்சி முடிந்தது. பிளாஸ்டர்ஸுக்கு அப்படி முன்வரலாறு ஏதும் இல்லை, காத்திருந்ததுதான் அதன் வரலாறு. 2024-இல் சூப்பர் லீக் கேரளா என்ற மாநில லீக் வந்து தலைநகருக்குத் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற அணி கிடைத்தது. சந்திரசேகரன் நாயர் மைதானம் கல்லாற்றுக்காரனுக்குக் கைக்கெட்டும் தூரம். முதல் பருவத்தில் அரையிறுதி வரை வந்து காலிகட் எஃப்.சி.யிடம் 2-1 என்று தோற்றது. பக்கத்தில் இருப்பது மட்டும் போதுமென்றால் மஞ்சள் சட்டைகள் அன்றே மாறியிருக்க வேண்டும்.

கோப்பை வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு 2025 ஜூன் ஒரு பதிலைக் காட்டியது. கிரிக்கெட்டில் 18 ஆண்டு காத்திருந்து பெங்களூரு அணி வென்ற மறுநாள், சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஏங்கிய கூட்டத்தை அழைக்கத் தெரிந்தவர்களுக்கு அதைக் காக்கத் தெரியவில்லை. இதுவும் நான் சொல்லும் அலட்சியத்தின் கணக்கில்தான் சேரும்.

பிளாஸ்டர்ஸை ஃபைனலில் வீழ்த்திய இரண்டு அணிகளின் கதையும் கவனிக்கத்தக்கது. கொல்கத்தா அணி 2020-இல் மோகன் பாகனோடு இணைந்தது; பழைய மோகன் பாகன் ரசிகர்கள் விடாமல் போராடியதால் 2023-இல் அதன் பெயரும் நீக்கப்பட்டது. ஹைதராபாத் அணி பணமுடையில் ஆட்டக்காரர்களை இழந்து, 2025-இல் டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் சூட்டிக்கொண்டது. மூன்று ஃபைனலிலும் தோற்ற அணிதான் பிறந்த பெயரோடும் பிறந்த ஊரோடும் மிஞ்சியிருக்கிறது. 2025 ஜூலையில் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தத் தகராறில் சூப்பர் லீக்கின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டபோது, ரசிகர்கள் கேட்டது கோப்பையை அல்ல. ஆட்டம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை. அதைச் சொல்லும் பொறுப்பு கிளப்புக்கா, லீக்குக்கா, சம்மேளனத்துக்கா என்பதுகூட அப்போது முடிவாகியிருக்கவில்லை.