விழும் விசை சொல்லும் வரலாறு

பழனிக்கு அருகே கொய்யாத் தோப்புகள் சூழ்ந்த ஆயக்குடியில், மழைக்காலத்து இரவு ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீடு திடீரென்று இருள்கிறது. மின்கசிவைத் தடுக்கும் விசை தானே விழுந்திருக்கிறது. ஏற்றினால் மீண்டும் விழுகிறது. ‘கழற்றி எறிந்துவிடலாம்’ என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் அவ்விசை பிறந்த கதையை அறிந்தோர் அவ்வாறு செய்யார்.

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அக்காலத்து வீடுகளுக்குக் காவலாயிருந்தது ஃபியூஸ் கம்பியே. மின்னோட்டம் மிகுந்தால் அது உருகி வீட்டைத் தீயினின்று காக்கும். மனிதனைக் காக்க அதனால் இயலாது. 5 ஆம்பியர் தாங்கும் கம்பி உருகாமல் நிற்க, அதில் ஐம்பதில் ஒரு பங்கே உயிரைப் பறித்துவிடும்.

இக்குறையைத் தீர்க்க, 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் உழைத்தார். 1961-இல் கலிபோர்னியப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் மேலும் நுட்பமான கருவியைக் கண்டார். செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஒப்பிடுவதே இதன் தத்துவம். இன்றைய வீட்டு விசை 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே விழுந்துவிடும்.

ஆகவே, விசை விழுந்தால் கசிவைத் தேடுங்கள். செருகிய கருவிகள் யாவற்றையும் பிடுங்கிவிட்டு விசையை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, பழுது அதில்தான். நனைந்த மோட்டாரும் பழைய வெந்நீர்க் கருவியும் அடிக்கடி அகப்படும். யாவற்றையும் பிடுங்கியும் விழுந்தால், சுவருக்குள் ஓடும் கம்பியை மின்பணியாளர் சோதிக்கட்டும்.

குரைக்கும் நாயை விரட்டினால், கள்வனுக்கல்லவா வசதி?