ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீட்டுக் கட்டிலுக்கு: புரோஸ்டேட் அறுவையின் கதை

2024ஆம் ஆண்டு புத்தாண்டு தினம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆம்புலன்சுக்கு போன் போகிறது. நோயாளிக்கு வயிற்றிலும் இடுப்பிலும் காலிலும் கடுமையான வலி. போன் செய்த உதவியாளர் ஒரு வேண்டுகோளும் வைத்தார். விளக்கும் சைரனும் போடாமல் வர முடியுமா என்று கேட்டார்.

அந்த நோயாளி சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின், வயது 70. பத்து நாட்களுக்கு முன்பு, 2023 டிசம்பர் 22 அன்று, புற்றுநோய்க்காக அவருடைய புரோஸ்டேட் சுரப்பி அகற்றப்பட்டிருந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஓய்வில் இருந்தபோதுதான் சிக்கல் வந்தது. சிறுநீர்ப் பாதையில் தொற்று, வயிற்றில் நீர் கோத்ததால் குடல் சரியாக வேலை செய்யாமல் போனது. ஐ.சி.யூ. வரை போனார். அவர் மருத்துவமனையில் இருப்பதே ஜனவரி 4 வரை வெள்ளை மாளிகைக்குத் தெரியாது! புற்றுநோய் என்ற விஷயம் அதிபர் பைடனுக்கே ஜனவரி 9 அன்றுதான் தெரிந்தது.

ஒரு பெரிய படையையே நிர்வகித்தவர் இதை ஏன் சொல்லவில்லை? இதற்குப் பதில் தேட, இந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

முதலில் புரோஸ்டேட் என்றால் என்ன? ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் பாதையைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி இருக்கும். வயதாக ஆக அது பெரிதாகி பாதையை நெருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. சிலருக்கு அதில் புற்றுநோயும் வரலாம். வீக்கம் என்றால் உள்ளே அடைக்கும் பகுதியை மட்டும் எடுப்பார்கள். புற்றுநோய் என்றால் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் பாதையையும் மறுபடி சேர்த்துத் தைப்பார்கள்.

1900ஆம் ஆண்டு லண்டனில் பீட்டர் ஃப்ரேயர் என்பவர் வீங்கிய புரோஸ்டேட்டை வயிற்று வழியாக அகற்றிப் புகழ் பெற்றார். அயர்லாந்துக்காரரான இவர் அதற்கு முன் இருபது ஆண்டுகள் இந்தியாவில், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். புற்றுநோய்க்காக முழுச் சுரப்பியையும் எடுக்கும் அறுவையை 1904 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ யங் செய்தார். அந்தக் காலத்தில் 'வீட்டில் தேறுவது' என்ற பேச்சே கிடையாது. நோயாளி வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் கிடப்பார். ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத காலம். தொற்று வந்தால் உயிர் போகும்.

வீட்டுக்குப் போகும் வழியைத் திறந்தவை இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஒரு சின்ன பலூன். அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி, நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாயை 1935ல் மருத்துவர்கள் கூட்டத்தில் காட்டினார். புரோஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் ரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவதுதான் அவருடைய முதல் நோக்கம். அந்தப் பலூனே குழாயை வெளியே நழுவாமலும் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பு குழாயை நூலாலும் நாடாவாலும் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் உலகமெங்கும் யூரின் டியூப் என்றால் ஃபோலி டியூப்தான். ஆனால் காப்புரிமைப் போட்டியில் ஃபோலி தோற்றுப்போனார் என்பது சோகம்.

இரண்டாவது, படுக்கையைப் பற்றிய எண்ணம் மாறியது. 'ஆபரேஷன் ஆச்சு, அசையாமல் படு' என்பதுதான் நீண்ட நாள் வழக்கம். 1947ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், படுத்தே கிடப்பதன் ஆபத்துகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், மலச்சிக்கல் வரும், மனமும் சோர்ந்துபோகும் என்றார். இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைப்பது இந்த மாற்றத்தின் பலன்தான்.

அரசியலையே மாற்றிய ஒரு புரோஸ்டேட்டும் உண்டு. 1963 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் மெக்மில்லனுக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டது. அக்டோபர் 10 அன்று அறுவை. தேறி வர நெடுநாள் ஆகும் என்று நினைத்து, மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே பதவி விலகினார். எலிசபெத் ராணி நேரில் வந்து ராஜினாமாவைப் பெற்றுக்கொண்டார். அது புற்றுநோயே இல்லை! மெக்மில்லன் அதன் பிறகு 23 ஆண்டுகள் வாழ்ந்து 92 வயதில்தான் காலமானார்.

இந்த அறுவையைப் பற்றி ஆண்கள் வாய் திறக்காததற்கு உண்மையான காரணம் மரண பயம் மட்டுமல்ல. சிறுநீரை அடக்க முடியாமல் போவதும், தாம்பத்ய சக்தி குறைவதும்தான். 1980கள் வரை அறுவை செய்துகொண்ட கிட்டத்தட்ட எல்லோருக்கும் இரண்டாவது இழப்பு நிச்சயம் என்ற நிலை. 1981ல் ஹாலந்தின் லைடன் நகரில் பேராசிரியர் டோங்கரும் அமெரிக்கரான பேட்ரிக் வால்ஷும் சேர்ந்து, அதற்கான நரம்புகள் சுரப்பிக்குள் இல்லை, வெளியே ஒட்டிச் செல்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். அந்த நரம்புகளைக் காப்பாற்றும் முதல் அறுவையை வால்ஷ் 1982 ஏப்ரல் 26 அன்று செய்தார். பிறகு 2000ல் ஜெர்மனியில் ரோபோ உதவியுடன் இந்த அறுவை நடந்தது. அதை அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பெரிய அளவில் வளர்த்தவர் மணி மேனன். நம் புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர்!

பெரிய வெட்டு இல்லை, ரத்தப்போக்கு குறைவு. அதனால் வாரக்கணக்கு நாள்கணக்காகி, இப்போது பல இடங்களில் ஒரே இரவாகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி நாட்கள்தான் குறைந்தனவே தவிர, உடம்பு ஆறும் நாட்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. வரவு செலவுக் கணக்கு மாதிரி, ஒரு பக்கம் கழித்தது இன்னொரு பக்கம் ஏறியிருக்கிறது. அந்த இன்னொரு பக்கம்தான் வீடு.

நர்ஸ் செய்த வேலையை இப்போது மனைவியோ பிள்ளையோ செய்கிறார்கள். சுமார் ஒரு வாரம் டியூபும் பையும் கூடவே இருக்கும். பையை நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும், அது இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முக்கக் கூடாது, சில வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்கக் கூடாது, தினமும் மெதுவாக நடக்க வேண்டும். காய்ச்சல், வயிறு உப்பல், வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் வராமல் அடைப்பது என்று எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். டியூபை எடுத்த பிறகும் பலருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் வரை சிறுநீர் கசியும். அதற்காக உள்ளாடைக்குள் பேட் வைத்துக்கொள்ள வேண்டும். 1948ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவித்த பெண்களுக்காக எழுதிய இடுப்புத் தசைப் பயிற்சிதான் இன்று இந்த ஆண்களுக்கும் கைகொடுக்கிறது.

இவ்வளவும் நடக்கும்போது அதைப் பேச வெட்கப்பட்டால் என்ன ஆகும்? வலி வந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். சைரன் வேண்டாம் என்பார்கள்.

2024 பிப்ரவரி 1 அன்று ஆஸ்டின் நிருபர்கள் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். அதிபரிடம் சொல்லியிருக்க வேண்டும், தன் குழுவிடமும் மக்களிடமும் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அமெரிக்கக் கறுப்பின ஆண்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது என்றும், பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

பலூன் வந்தது, நரம்பு காப்பாற்றப்பட்டது, ரோபோவும் வந்துவிட்டது. நூற்றிருபது வருடங்களில் அறுவை சிகிச்சை இவ்வளவு மாறியும், வீட்டுக்குள் இருக்கும் அந்த மௌனம் மட்டும் அதிகம் மாறவில்லை. அதை மாற்ற எந்தக் கருவியும் தேவையில்லை. வீட்டில் ஒருவர் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.