குரொய்டனில் இரண்டு வாசல்

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத் லண்டன் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி. 2010இல் பெயர் மாறியும் பலர் வாயில் இன்னும் 'மேடே'தான். அந்த ரோட்டில் தெற்கே போய் வெஸ்ட் குரொய்டனைத் தாண்டினால், வெல்லெஸ்லி ரோட்டில் லூனார் ஹவுஸ். நிலவில் மனிதன் இறங்கிய நினைவில் பெயர் பெற்ற இருபது மாடிக் கட்டடம். உள்ளே அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் ஹோம் ஒபிஸ். இந்த இரண்டில் எந்த வாசலால் வந்தவர் என்பதை, ஒரு யாழ்ப்பாணத்தவர் இங்கிலாந்தைப் பற்றிப் பேசும் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

1960, 70களில் தேசிய சுகாதார சேவைக்கு டாக்டர்மார் போதவில்லை. கொழும்பில் படித்தவர்களுக்கு வேலை காத்திருந்தது. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் ஊரில் இருப்பும் கொள்ளவில்லை. வந்தவர்கள் கண்டது மரியாதையான, நேரம் தவறாத நாடு. மனத்தாங்கல் ஆண்டுகள் கழித்தே வந்தது. முதியோர் மருத்துவம், மனநலம் என உள்ளூர் டாக்டர்மார் அதிகம் நாடாத துறைகளில்தான் தெற்காசியருக்கு மேற்பதவி எட்டியது.

1983 இனக்கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு முதலில் கிடைத்ததே மறுப்பு. 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமானது. 1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் ஹீத்ரோவில் உடை களைந்து உள்ளாடையோடு நின்றனர். 1988இல் அனுப்பப்பட்ட ஐந்து பேர், மேன்முறையீட்டில் வென்று 1989இல் இதே நாட்டுக்குத் திரும்பினர். 'றிஜெக்ட்', 'அப்பீல்', 'விசா கிடைச்சிட்டுதோ' என்பவை இவர்களுடைய அன்றாடச் சொற்கள்.

கசப்பு யாருக்கு அதிகம்? அகதிக்குத்தான் என்று நினைப்போம். நான் கேட்ட பேச்சுகளில் அப்படியில்லை. டாக்டர் நம்பியது மனிதரை. அகதி நம்பியது காகிதத்தை. மூடியிருந்து திறந்த கதவை மன்னிக்கலாம். திறந்திருந்து மூடிய கதவு ஆறாது. அப்படி மூடிய கதவைக் கண்டவர்தான் சீன விஞ்ஞானி சியென் சுவேசென். 1935இல் அமெரிக்கா போய், படித்து, பேராசிரியராகி, 1950இல் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் சிக்கினார். 1955இல் நாடு திரும்பியவர், சீன ஏவுகணைத் திட்டத்தின் முன்னோடியானார்.

பாஸ்போர்ட் கிடைத்த பின்னும் பழைய றிஜெக்ட் கடிதத்தைப் பைலில் பத்திரமாக வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்டால் சிரித்தபடி எடுத்துக் காட்டுவார்கள். டாக்டர்மாரிடம் காட்ட எதுவுமில்லை. மேற்பதவி ஏன் வரவில்லை என்று அவர்களுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. அப்பீல் போட இடமும் இருக்கவில்லை.