ஒரு கலத்தில் ஈரிலக்கம்

மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாத பிளாஷ் நினைவகத்தை, யப்பானின் தொசிபா நிறுவனத்தில் அக்காலத்திற் பணியாற்றிய பொறியியலறிஞர் புஜியோ மசுவோக்கா 1984 ஆம் ஆண்டில் அறிஞருலகிற்கு அறிவித்தார். அதன் நான்ட் என்னும் வகை 1987 இல் வெளிப்பட்டது. அதன் நுண்கலம் ஒவ்வொன்றும் காப்பிடப்பட்ட சிறு சிறையொன்றில் இலத்திரன்களை அடைத்து வைத்திருக்கும்.

தொடக்கத்திற் கலத்திடம் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: குடத்தில் நீர் உண்டா, இல்லையா? பின்னர் வணிகம் புகுந்தது. வெறுமை, குறைநிலை, நடுநிலை, நிறைவு என நான்கு அளவுகளைப் பிரித்தறிந்தால், ஒரே கலத்தில் இரண்டு இரும இலக்கங்களை வைக்கலாமன்றோ? 1997 இல் இன்டெல் நிறுவனம் அத்தகைய நினைவகத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. நான்ட் வகையும் அவ்வழியே சென்றது. கொள்ளளவு பெருகியது, அளவுகளுக்கிடையேயுள்ள இடைவெளியோ சுருங்கியது. ஓரிலக்கக் கலம் ஏறத்தாழ 100,000 தடவை அழித்தெழுதத் தாங்கும். ஈரிலக்கக் கலம் சில ஆயிரம் தடவைகளிலேயே தளர்ந்துவிடும்.

தளர்ச்சிக்கு மென்பொருளாளர் மருந்து வைத்திருந்தனர். எழுதும் பாரத்தை எல்லாப் பகுதிகளுக்கும் பகிர்ந்தனர். பிழை திருத்தும் குறியீடுகளை வலுப்படுத்தினர். அவர்களை இடறச் செய்தது வேறொன்று. கலமொன்றின் இரண்டு இலக்கங்களும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவையல்ல. வெவ்வேறு காலத்தில் எழுதப்படும் இரு பக்கங்களைச் சேர்ந்தவை. இரண்டாம் பக்கத்தை எழுதும்போது அதே கலத்தின் மின்னேற்றம் நகர்த்தப்படுகிறது. அக்கணத்தில் மின் தடைப்பட்டால், பழைய அளவுமில்லை, புதிய அளவுமில்லை. பத்திரமாயிற்று என்று உரியவரிடம் முன்னரே உறுதி கூறப்பட்ட முதற் பக்கமும் அழிந்துபோகும்!

பழைய கோப்பு முறைமைகள், எழுதப்படும் பக்கத்துக்கே ஆபத்து, எழுதி முடிந்தது என்றும் நிலைக்கும் என்ற நம்பிக்கையிற் கட்டப்பட்டவை. 2002 இல் சார்ள்ஸ் மானிங் உருவாக்கிய யாவ்ஸ், நீக்கிய பக்கத்தின் ஓரத்தில் மீண்டுமொரு குறியிட்டு வந்தது. எழுதிய பக்கத்தை மறுபடி தொடலாகாது என்று பிந்திய நினைவகங்கள் விதித்தமையால், அதன் இரண்டாம் பதிப்பு அக்குறியைக் கைவிட்டு வரிசை எண்களை நம்பியது. அது இயன்ற மாற்றமே. இணைப்பக்கச் சிக்கல் அவ்வளவு எளிதில் அவிழவில்லை. லினக்ஸ் முறைமையில் 2008 இல் இடம்பெற்ற யூபிஐஎப்எஸ் என்னும் கோப்பு முறைமைக்கு அடித்தளமான யூபிஐ, 2018 இல் ஈரிலக்க நினைவகத்தை ஏற்கவே மறுத்தது. கடுமையான முடிவுதான், ஆயினும் காக்க இயலாததைக் காப்பதாகச் சொல்வதிலும் அது நேர்மையானது. 2020 இல் வேறொரு வழி சேர்க்கப்பட்டது: ஒவ்வோர் இணையிலும் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்தி, மற்றதை வெறுமையாக விடுவது. அதாவது, விலை கொடுத்து வாங்கிய இடத்திற் பாதியைத் துறப்பது.

இன்று ஒரு கலத்தில் எட்டும் பதினாறுமாக அளவுகள் பிரிக்கப்படுகின்றன. அத்தகைய நினைவகங்களைத் தாங்கிய சேமிப்புக் கருவிகள் பல, வரும் தரவை முதலில் ஓரிலக்க முறையில் இயங்கும் பகுதியொன்றில் விரைந்து எழுதி, ஓய்வு கிடைக்கும் வேளையில் நெருக்கமான கலங்களுக்கு மாற்றிக்கொள்கின்றன.